பெட்டி இன்றும் நன்றாகவே ஓடுகிறது

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் கடையைக் கழுவிவிட்டேன். கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் வீட்டு முன்னறைதான். வெளியே 'வசந்தாமணி கிராஃபிக்ஸ், கல்யாணப் பத்திரிகைகள் டிசைன் செய்து தரப்படும்' என்று பலகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஐம்பத்தொரு வயதில் கல்யாணமாகாத நான். பொள்ளாச்சியில் எந்த வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பது மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். 'உனக்கு எப்பம்மா?' என்று ஒரு காலத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அலுத்துப்போய், இப்போது பேரப்பிள்ளைகளின் காதுகுத்துப் பத்திரிகைக்கு வருகிறார்கள்.

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. எப்படிப் போதும்? ஊரில் பாதிப் பேரைக் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை அதற்குள்தான் அடைத்து வைத்திருக்கிறேன். அதனால் இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கியாயிற்று. இன்று பூஜையில் வைத்து, நாளை விஜயதசமிக்கு மாட்டிவிடலாம். மாட்டப்போவது நானேதான். மொபைலில் ஒருவன் மாட்டிக் காட்டுகிற வீடியோ பார்த்தேன். குக்கருக்குக் கேஸ்கட் மாற்றுவதைவிடச் சுலபம்.

பொட்டு வைக்கிற பொறுப்பு ரேணுகாவுக்கு. என் தம்பி மகேஸ்வரனின் பெண்டாட்டி, மாடியில் குடியிருக்கிறார்கள். தம்பி விடிந்தால் கொப்பரைக் களத்துக்குப் போய்விடுவான். வீட்டில் இருந்தாலும் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து ரேணுகா பேசிவிடுவாள். நாத்தனார் என்பதால் என்னை நங்கையா என்று கூப்பிடுவாள், மரியாதை அத்தோடு முடிந்தது. மானிட்டர், கீபோர்டு, கத்தரிக்கோல், மிக்ஸி, தம்பியின் பைக் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவள் புது டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மூஞ்சி எதுங்க நங்கையா?"

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்குது. பாத்து வெய்யி."

"இங்க பாருங்க, பல்லுப் பல்லாத் தங்கக் கலர்ல மினுங்குது. இதுதான் மூஞ்சி."

குழைத்த சந்தனத்தை அள்ளி அங்கேயே அப்பினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

எதிர்வீட்டுத் திருமூர்த்தி சார் தன் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பொரி கொடுத்தனுப்பினேன். இதை இங்கே எழுத விசேஷக் காரணம் எதுவும் இல்லை.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நல்ல நேரம் பார்த்து மாட்டினேன். நல்ல நேரம் பார்த்து ஸ்விட்ச் போட்டேன். திரை கறுப்பு. ரொம்ப நேரம் கழித்து வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி: பூட் டிவைஸ் எதுவும் கிடைக்கவில்லையாம். அணைத்துப் போட்டேன். அதே வரி. தட்டினேன், திட்டினேன், விபூதி பூசினேன். அதே வரி.

ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் அத்தனையும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன. தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரேணுகா மாடி ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "சார்! திருமூர்த்தி சார்! எங்க நங்கையா பெட்டியப் பொளந்து வெச்சுட்டு உக்காந்திருக்காங்க, வந்து பாருங்க!"

அவர் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. மகன் ஓசூரில். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டார்.

"என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க."

"முப்பது வருசமா லேபுல பசங்க இதே பதிலத்தானுங்க சொன்னாங்க."

புது டிஸ்க்கின் ஒயரை உருவிவிட்டு ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி விழித்துக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையை அடக்க "காப்பி குடிக்கறீங்களா?" என்றேன்.

"பழசு பத்தரமா இருக்குதுங்க. புதுசு சேந்தாத்தான் மக்கர் பண்ணுது. நாளைக்கு வந்து ஒவ்வொண்ணாப் பாக்கறேன். ஒரே நேரத்துல ரெண்டை மாத்துனா எதனால செரியாச்சுன்னே தெரியாதுங்க. எப்பவும் ஒண்ணுதான்."

நல்ல கொள்கை. காப்பியும் ஒன்றுதான் குடித்தார்.

அக்டோபர் 3, வெள்ளி

புது டிஸ்க்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக, "இது என்னங்க?" என்றார்.

"எதுங்க?"

"கனெக்டர் பூராச் சந்தனம் காஞ்சு கெடக்குது. மேல குங்குமம் வேற."

மாடிப்படியில் நின்ற கொலுசுச் சத்தம் சட்டென்று மேலே போய்விட்டது.

"எலி கடிச்சதப் பாத்திருக்கறேன். டீயக் கொட்டுனதப் பாத்திருக்கறேன். ஒருத்தன் உள்ளாரப் பல்லி முட்டையோட கொண்டாந்தான். சந்தனக்காப்பு இப்பத்தானுங்க பாக்கறேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள். அந்த மனிதருக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருப்பது இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பழைய பல்துலக்கியாலும் ரப்பராலும் சந்தனத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினார். இப்போது டிஸ்க் தெரிந்தது. ஆனால் திரையில் அதே பழைய வரி! அவர் பதறவில்லை. ஸ்விட்சைப் போட்டவுடன் ஒரு பட்டனை டொக் டொக்கென்று தட்டினார். நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்தது.

"பெட்டி முளிச்சதும் மொதல்ல யாருகிட்டப் போய் நிக்கோணும்னு இங்க ஒரு வரிசை இருக்குதுங்க. புதுசு வந்ததும் முன்னால போய் நின்னுக்கிச்சு. அதுகிட்ட என்ன இருக்குது? ஒண்ணும் இல்ல. வெறும் டிஸ்க்."

"புது மருமக வந்த அன்னைக்கே சாவிக்கொத்த வாங்கிட்டாளாக்கும்?"

மறுபடி அந்தச் சிரிப்பு. பழைய டிஸ்க்கை மேலே ஏற்றினார். எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் தெரிகிறது. வேலை முடிந்தது. கிளம்பிவிட்டார்.

நல்லது. சீக்கிரமே முடிந்துவிட்டது. நல்லதுதான்.

அக்டோபர் 4, சனி

கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. யாரும் வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பால் பூத் மைனாவதி அக்கா எங்கள் தெருவின் வானொலி நிலையம். ஒலிபரப்புக்கு இடைவேளை கிடையாது. இன்றைய முக்கியச் செய்தி: திருமூர்த்தி சார் வீட்டைக் காலி செய்கிறார். மகன் ஓசூருக்கே வந்துவிடச் சொல்லிவிட்டானாம். புரட்டாசியில் வீடு மாறக்கூடாது என்பதால் ஐப்பசி பிறந்ததும், பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை டெம்போ.

"பாவம், தனியாக் கெடந்து என்ன பண்றாரு? போறதுதான் நல்லது. ஏன் வசந்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"பால் விலைய நெனச்சேங்க்கா."

எனக்கென்ன? போகட்டும். ஓசூர் நல்ல ஊர். குளிராக இருக்கும், ரோஜாப்பூவெல்லாம் விளையுமாம். வீட்டுக்கு வந்து உப்புப் போட்டுக் காப்பி கலந்து குடித்தேன். கவனக்குறைவு, அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது. தூசி இருக்குமே என்று மூடியைத் திறந்து துடைத்தேன். துடைக்கும்போது ஒயர் ஏதோ தானாகக் கழன்றிருக்கும் போல. சார் வந்தார், பார்த்தார், சொருகினார், கிளம்பப் பார்த்தார். சந்தகை பிழிந்திருந்தேன். தேங்காய்ப்பால் மிச்சமானால் கெட்டுவிடும் என்பதால் சாப்பிடச் சொன்னேன்.

அரக்குப் பட்டுக்கரைச் சேலை கட்டியிருந்தேன். மற்றதெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடியும். இந்தத் தடவை நான் துடைக்கவுமில்லை. எலியாக இருக்கலாம்.

"எலிங்களா?" சார் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "இந்த ஒயருக்கு ஒரு லாக் இருக்குதுங்க. அதை அமுக்கிப் புடிச்சு உருவுனாத்தான் வரும். எலி அவ்வளவு நேக்காக் கழட்டுமா?"

"பொள்ளாச்சி எலிங்க."

"செரிதான்" என்றார். மீசைக்குள் ஏதோ நெளிந்தது. கச்சாயம் சாப்பிட்டுவிட்டுப் போனார். ரேணுகா மேலேயிருந்து, "நங்கையா, அந்த எலிக்கும் நாலு கச்சாயம் வெய்யுங்க, ரொம்ப உளைச்சிருக்கும்" என்கிறாள். வாய் நீளம் அவளுக்கு. பொட்டைக் கண்ட இடத்தில் வைத்துப் பெட்டியைக் கெடுத்தவளே அவள்தான்.

அக்டோபர் 8, புதன்

இன்றும் எலி. பலகாரம் ஒப்புட்டு.

சாரின் மீசை நேற்று வரை சாம்பல் நிறம். இன்று காக்கா நிறம். நான் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மேல்உதட்டிலும் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததில் கிணத்துக்கடவுக் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மணமகள் இருக்கும் இடத்தில் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை, பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். எலி நேற்றும் வந்தது, இன்றும் வந்தது.

இன்று வேலை முடிந்த பிறகும் சார் கிளம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திறந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேபுல காலைல மெயினப் போட்டா நாப்பது பெட்டியும் ஒண்ணா முளிக்குமுங்க. ஒவ்வொண்ணும் பீப் பீப்புன்னு கூவும். நம்மளப் பாத்துக் குட்மார்னிங் சொல்ற மாதிரியே இருக்கும். இப்ப காலைல எந்திரிச்சா பிரிட்ஜு சத்தம்தான்."

"அதும் நம்மகூடப் பேசறதுதானுங்க."

"ஒரே வார்த்தையத்தானே பேசுது." சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு இல்லை. "ஒரு ஆளுக்குச் சமைக்கறது இருக்குதே, அது மாதிரி ஒரு கஷ்டம் கெடயாதுங்க. ஒரு ஆளுக்கு இட்லி மாவு ஆட்ட முடியுமா? ஆட்டுனா அஞ்சு நாளைக்கு அதேதான். அதான் மகன் கூப்புட்டதும் செரின்னுட்டேன். அங்க போனாலும் காலைல ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. அங்க இருக்கற பிரிட்ஜு கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்."

நான் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருக்க வேண்டும். என் வாய்க்கு வேலையே அதுதான். இன்று பார்த்து ஒன்றும் வரவில்லை. "ஏனுங்க, நீங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கல?" என்று அவரே கேட்டார்.

"ஜாதகத்துல செவ்வாய்ங்க. வர்ற மாப்பிள்ளையெல்லாம் செவ்வாயப் பாத்து ஓடிட்டாங்க. மிச்சம் ரெண்டு பேரு என்ற வாயப் பாத்து ஓடிட்டாங்க."

அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா.

கிளம்பும்போது, "ஒரு நிமிசமுங்க, செட்டிங்கை ஒருக்காப் பாத்துர்றேன்" என்று நீலப் பக்கத்தைத் திறந்து என்னவோ செய்துவிட்டு அணைத்துப்போட்டார். எவ்வளவு அக்கறை.

அக்டோபர் 11, சனி

இன்று நான் தொடவே இல்லை! சத்தியமாகத் தொடவில்லை! காலையில் ஸ்விட்சைப் போட்டால் பூட் டிவைஸ் காணோமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செய்யாத தப்புக்கு எப்படிப் பழியேற்பது? மூடியைத் திறந்தேன். ஒயர்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. லாக் அமுங்கியே இருக்கிறது.

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது வீண் போகவில்லை. டொக் டொக்கென்று பட்டனைத் தட்டினேன். நீலப் பக்கம் வந்தது. வரிசையில் முதலில் நிற்பது யார்? புதுசு. வெறும் டிஸ்க். அதை யாரோ வேலை மெனக்கெட்டுத் தூக்கி முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைக் கடைசியாகத் திறந்தது யார் என்று யோசித்தேன். 'செட்டிங்கை ஒருக்காப் பாத்துர்றேன்.'

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு சிரித்தேன் பாருங்கள், கீபோர்டு மேலேயே கவிழ்ந்து சிரித்தேன். திரையில் ஏதேதோ எழுத்தெல்லாம் ஓடியது. அறுபத்தொரு வயது மனிதர், காக்கா மீசை, பாலிடெக்னிக் பென்ஷன், ஸ்கூட்டருக்குக்கூட இன்ஷூரன்ஸ் தவறாமல் கட்டுகிறவர், செய்கிற வேலையா இது?

பழைய டிஸ்க்கை மேலே ஏற்றினேன். பெட்டி கிளம்பிவிட்டது. மொத்தம் ஒரு நிமிட வேலை. முகூர்த்தப் பத்திரிகை ஒன்றை முடித்து அனுப்பினேன். அதன் பிறகு மறுபடி நீலப் பக்கத்துக்குப் போய், புதுசை அவர் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அணைத்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"ஏனுங்க! மறுக்காப் படுத்துக்கிச்சுங்க!"

எதிர்வீட்டில் கதவு உடனே திறந்தது. சட்டை போட்டு, தலை சீவி, டார்ச்சோடு தயாராக நின்றிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று செட்டிங்கின் முறை. இன்று எலியின் முறை.

இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத முகத்தோடு பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். "என்னவா இருக்குமுங்க?" என்கிறேன். "பாக்கோணும்ங்க, ஒவ்வொண்ணாப் பாக்கோணும்" என்கிறார். பார்த்தோம். பார்த்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. எந்தத் திருவிழாவிலும் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்தொன்பதாம் தேதியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் பால் பூத்தில் நான் ஐஸ்பெட்டிக்கு இந்தப் பக்கம், சார் அந்தப் பக்கம். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. மைனாவதி அக்கா ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது.

"ஏனுங் சார், வசந்தாமணி ஊட்டுப் பெட்டி தெனமும் ரிப்பேராமா? தெனமும் ரிப்பேராகற பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமல்லங்க? இல்ல, ரிப்பேரு பண்றவிய வந்துட்டுப் போறதுக்காகவே வெச்சிருக்காங்களா?"

பால் வாங்க நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். சாரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. பாலை வாங்காமலே திரும்பிப் போனார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். ஊரையே கிண்டல் செய்கிறவள், ஐஸ்பெட்டிக்குப் பின்னால் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தேன். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

மத்தியானம் கூப்பிடாமலே வந்தார். கையில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒரு கட்டு. பெட்டியைத் திறந்து ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டி, நுனியை வெட்டி, வரிசையைச் சரி செய்து, மூடிக்கு நான்கு ஸ்க்ரூவும் போட்டு முறுக்கினார்.

"இனி எந்த எலி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"காப்பி?"

"வேண்டாமுங்க." வாசல் வரை போய் நின்றார். "நான் போயிருவேன். நீங்க இதே ஊர்ல இருக்கோணும். உங்களப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்த பேசக்கூடாதுங்க."

திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்துவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது.

அக்டோபர் 15, புதன்

இன்றும் நன்றாக ஓடியது. கரண்ட் போய் வந்தது, அப்போதும் ஓடியது.

அக்டோபர் 16, வியாழன்

பாழாய்ப்போன பெட்டி இன்றும் நன்றாகவே ஓடுகிறது. மூன்று பத்திரிகை முடித்தேன். மூன்று ஜோடிக்கும் வயிறெரிந்து வாழ்த்துச் சொன்னேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஸ்க்ரூ நான்கையும் கழற்றிவிட்டேன். கத்தரிக்கோலைப் பிளாஸ்டிக் டையில் வைத்தும்விட்டேன். பின்னால் ரேணுகா நிற்பது தெரியாது.

"வெட்டுங்க நங்கையா, வெட்டுங்க. வெட்டுனா ஒருக்கா வருவாரு."

"தூசி தொடைக்கலாம்னு..."

"ஞாயித்துக்கெளம வரைக்கும் தூசி தொடைப்பீங்க. அதுக்கப்பறம்? ஓசூருக்குக் கேக்கற மாதிரி எந்த ஒயர வெட்டுவீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்னடி தெரியும்? இந்த வயசுல ஊரு சிரிக்கறதுக்கா?"

"ஊரு சிரிக்கறதுதான் உங்களுக்குப் புடிக்குமே. இத்தன நாளா நீங்களே கஷ்டப்பட்டுச் சிரிக்க வெச்சீங்க. இப்ப அதுங்களாச் சிரிச்சா ஏன் வலிக்குது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. வெறும் டிஸ்க். அவள் என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தாள். தோளை ஒருமுறை தொட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஸ்க்ரூவை நானே முறுக்கினேன்.

அக்டோபர் 18, சனி. ஐப்பசி ஒன்று

எதிர்வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறார். 'சமையல், ஒரு ஆள்' என்று ஒன்று.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் டெம்போ வந்துவிட்டது. கட்டிலும் பெட்டிகளும் ஏறிவிட்டன. பீரோவை ஏற்றுவதற்குத் தெருவில் நிறுத்தியிருந்தார்கள். பால் பூத்தில் முழுக் கூட்டம். நாளைக்குத் தீபாவளி என்பதால் ஆளுக்கு நான்கு பாக்கெட்.

தெருவைக் கடந்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சேலைதான் கட்டியிருந்தேன். மைனாவதி அக்காவின் ஒலிபரப்பு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. அந்த நிலையம் நின்று நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சார் என்னைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த டார்ச்சுக்குப் போயிற்று.

"ஏனுங்க, பெட்டி மறுக்கா நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஒயரு?"

"கட்டுன கட்டு அப்படியே இருக்குதுங்க."

"வரிசை?"

"செரியாத்தான் நிக்குது."

"அப்பறம் என்னங்க கோளாறு?"

"ஒண்ணுமே இல்லீங்க. பெட்டி நல்லாத்தான் இருக்குது." என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு ஐஸ்பெட்டிக்குப் பின்னால் குனிந்தது ஞாபகம் வந்தது. பூத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "நல்லா இருந்தாலும் நீங்க வரோணும்ங்க. தெனமும் வரோணும். போகாதீங்க."

டெம்போ டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

சார் என்னைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்தச் செட்டிங்கு..." என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு நாளு... நான்தானுங்க..."

"தெரியுமுங்க. அதை நானே செரி பண்ணிப்போட்டு, மறுக்கா நானே கெடுத்து வெச்சுட்டுத்தானே உங்களக் கூப்புட்டேன்."

அந்தச் சிரிப்பு வெடித்தது. பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வர, நடுத்தெருவில், பட்டப்பகலில். பூத்தில் நின்றவர்கள் முதல்முறையாக அதைக் கேட்டார்கள். பாதிப் பேர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து போன். "அப்பா, டெம்போ கெளம்பிருச்சுங்களா?"

"இல்லடா சாமி."

"ஏனுங்ப்பா, வண்டில ஏதாச்சும் ரிப்பேரா?"

"ஒரு ரிப்பேரும் இல்லடா. எல்லாம் நல்லா இருக்குது. அதனாலதான் கெளம்பல." போனைக் காதிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்து, மறுபடி வைத்தார். "தீபாவளி கழிஞ்சு வர்றேன், விசயம் இருக்குது, நேர்ல சொல்றேன். என்ன? ஆமா... ஆமாண்டா... ரெண்டு பேராத்தான் வருவோம்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. சார் அதைக் கேட்டு வெட்கப்பட்டதைப் பார்த்தால் திட்டு மாதிரி தெரியவில்லை.

டிரைவர், "அப்ப ஏத்துனத எறக்கறதாங்க?" என்றான்.

தம்பி மகேஸ்வரன் கொப்பரைக் களத்துக்குக் கிளம்பி, பைக்கை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதை அப்போதுதான் கவனித்தேன். அவன் இறங்கினான். வேட்டியை மடித்துக் கட்டினான். தெருவைக் கடந்து வந்து பீரோவின் ஒரு முனையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் புடிங்க மாமா," என்றான் சாரிடம். "வாசப்படில இடிச்சுறப் போகுது."

இந்த வருடம் முழுக்க அவன் பேசியதில் இதுதான் நீளமான பேச்சு.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. நேரமில்லை.